காங்கிரீட் மிக்சர் மோட்டார் கடையில ஓடுது, வீட்டுல உறுமுது. காயில் கட்டணுமா?

பள்ளத்தூரான்:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளத்தூர்ல ஒரு பழைய வீட்டு ரிப்பேர் வேலை எடுத்திருக்கேன். வீட்டு ஆச்சி சென்னையில இருக்காங்க, மாசம் ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போவாங்க. பின்கட்டுல தரையைப் பேத்துட்டு காங்கிரீட் போடணும். இரண்டாங்கட்டுல சுண்ணாம்புப் பூச்சு அங்கங்க உதிர்ந்து செங்கல் தெரியுது, அதையும் பார்க்கணும்.

மிக்சர் மிஷின் எங்க அப்பா மேஸ்திரியா இருந்த காலத்துல மதுரையில பழசா வாங்கினது. அரை மூட்டை சட்டி. ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், தலையில ஒரு கண்டென்சர் (மோட்டார் கிளம்ப உதவுற டப்பா). சின்ன புல்லியில இருந்து பெரிய புல்லிக்கு வி பெல்ட், அங்கிருந்து பினியன் (சின்னப் பல் சக்கரம்), சட்டியைச் சுத்தி இரும்புப் பல் வளையம். கம்பெனி பேர் உதிர்ந்துபோச்சு. நேம் பிளேட்ல 230 வோல்ட், 6.8 ஆம்ப்ஸ், 1440 ஆர்.பி.எம். மட்டும் தெரியுது.

பிரச்சனை இதுதான். சுவிட்ச் போட்டா ‘ம்ம்ம்’னு உறுமிக்கிட்டே நிக்குது. சட்டியைக் கையால தள்ளிவிட்டா மெல்லமா பிடிச்சுச் சுத்துது. காலையில நாலு தடவைக்கு ஒரு தடவையாவது தானா எடுக்கும், சாயங்காலம் ஆனா சுத்தமா எடுக்காது. மோட்டாரைக் கழட்டி காரைக்குடியில ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மேசையில வச்சு கரண்ட் கொடுத்தாங்க, ஜம்முனு ஓடுது! ஆனா கடைக்காரர் “காயில் (உள்ள இருக்கிற கம்பிச் சுருள்) வீக்கா இருக்கு, புதுசாக் கட்டிருங்க”ன்னு நாலாயிரம் சொல்றாரு. திருப்பிக் கொண்டுவந்து மாட்டினா மறுபடி உறுமல்.

காயில் கட்டலாமா? பல் வளையத்துக்கு கிரீஸ் போடணுமா? இதே சட்டியில சுண்ணாம்புக் கலவையும் போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். முகப்புப் பக்கம் மிஷினே வரக்கூடாதுன்னு ஆச்சி உத்தரவு. ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூணும் இருக்கிற இடத்துல சிமெண்டுத் தூசி பறந்தா அவ்வளவுதான். அதனால மிஷின் கடைசிக் கட்டைத் தாண்டி கொல்லையிலதான் நிக்குது.

புதுவயல் மில்:

தம்பி, காயில் கட்டுறதுக்கு முன்னாடி பெல்ட்டைப் பாருங்க. டைட்டா இருந்தா மோட்டார் எடுக்காது. ரெண்டு புல்லிக்கும் நடுவுல கட்டை விரலால அமுக்கினா அரை இஞ்சு உள்ள போகணும். பெல்ட் புல்லி காடியோட அடியில உக்காரக் கூடாது, ரெண்டு பக்கச் சாய்வுலதான் பிடிக்கணும். காடியோட அடி பளபளன்னு மின்னினா பெல்ட் தேஞ்சுபோச்சு, இல்ல புல்லி தேஞ்சுபோச்சு. பேரிங்கும் பாருங்க. பெல்ட்டைக் கழட்டிட்டு பெரிய புல்லியைக் கையால சுத்தினா கரகரன்னு கேட்டா மாத்திருங்க.

பல்லுக்கு நல்லா கிரீஸ் அப்பிவிடுங்க. இரும்போட இரும்பு வறட்டுனு உரசினா எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதெல்லாம் சரியா இருந்தும் ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருங்க. மனுசன் நேரத்துக்கும் விலை இருக்குல்ல.

பழைய வைண்டர்:

தம்பி, நாப்பது வருசம் தேவகோட்டையில மோட்டார் கட்டினவன் சொல்றேன். காயில் கட்டாதீங்க. எரிஞ்ச காயில் கடை மேசையில ஜம்முனு ஓடாது. உங்க கடைக்காரருக்கு அன்னைக்கு வேலை கம்மியா இருந்திருக்கும்.

நீங்க எழுதினதுலயே மூணு துப்பு இருக்கு. கடையில ஓடுது, வீட்டுல ஓடலை. காலையில எடுக்குது, சாயங்காலம் எடுக்கலை. மிஷின் கொல்லையில நிக்குது. இப்ப நான் கேக்குறேன்: வீட்டுக் கரண்ட் மீட்டர் எங்க இருக்கு? முகப்புலதானே? அங்கிருந்து கொல்லைக்கு வயர் எப்படிப் போகுது, எத்தனை ஸ்கொயர் (கம்பியோட கனம், சதுர மில்லிமீட்டர்ல)?

நம்ம பக்கத்து வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூணாங்கட்டு, அப்புறம் கொல்லை. சாதாரண வீட்டுக்காரன் பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் போடுற இடத்துல உங்களுக்கு அறுபது மீட்டர் ஓடும். நீங்க போட்டிருக்கிறது டேபிள் பேனுக்குப் போடுற ஒரு ஸ்கொயர் வயர்னு பந்தயம் கட்டுறேன்.

கணக்கு பார்ப்போம். ஒரு ஸ்கொயர் செம்புக் கம்பிக்கு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 18 ஓம் தடை. அறுபது மீட்டர் போக, அறுபது வர, 120 மீட்டர். ரெண்டு ஓமுக்கு மேல வந்துருச்சு. ஓடிக்கிட்டு இருக்கிற மோட்டார் ஏழு ஆம்ப்ஸ் இழுத்தா பதினஞ்சு வோல்ட்தான் போகும், அதைத் தாங்கிக்கும். ஆனா ஒரு எச்.பி. மோட்டார் நின்ன நிலையில இருந்து கிளம்புறப்ப அஞ்சாறு மடங்கு கேட்கும். அந்த வயர் 25 ஆம்ப்ஸைக் கொடுக்கிறதுக்குள்ள 55 வோல்ட்டை அதுவே தின்னுரும். மீட்டர்ல 215 இருந்தா மோட்டாருக்கு 160. கிளம்புற இழுவை வோல்டேஜோட இருமடிக்குத்தான் வரும். 160-ஐ 230-ஆல வகுத்து இருமடி போட்டுப் பாருங்க, பாதிக்கும் கீழ. பாதி பலத்துல பல் வளையத்தையும் சட்டியையும் சேர்த்து எப்படிக் கிளப்பும்? உறுமத்தான் செய்யும். சாயங்காலம் தெருவே விளக்குப் போடுறப்ப மீட்டருக்கு வர்ற வோல்டேஜே இறங்கிரும், அதான் அப்ப சுத்தமா எடுக்கலை.

கடைக்காரர் மெயின் போர்டு பக்கத்துலயே மேசை போட்டிருப்பாரு. அதுலயும் பெல்ட் இல்லாத வெறும் மோட்டார். அங்க ஓடாம எங்க ஓடும்?

சோதிக்கிற முறை சொல்றேன். சும்மா பிளக்ல வோல்ட் மீட்டர் வச்சுப் பார்த்தா 215-ன்னு காட்டி உங்களை ஏமாத்திரும், ஏன்னா கரண்ட் ஓடாதப்ப வயர்ல வோல்டேஜ் குறையாது. மோட்டார் பெட்டியில இருக்கிற முனைகள்ல அந்த வோல்ட் மீட்டரை வச்சுக்கிட்டு இன்னொருத்தரை சுவிட்ச் போடச் சொல்லுங்க. உறுமுற அந்த நேரத்துல என்ன காட்டுதுன்னு பாருங்க. மூணு நாலு செகண்டுக்கு மேல உறும விடாதீங்க, அப்பதான் காயில் நிஜமாவே கருகும். காயிலைக் கொல்றது சிமெண்டு இல்ல தம்பி, சுவிட்சைப் போட்டுட்டு “எடுத்துரும் எடுத்துரும்”னு பார்த்துக்கிட்டு நிக்கிறதுதான்.

அடுத்தது கண்டென்சர். இந்த மோட்டார்ல ஸ்டார்ட்டிங் கண்டென்சர் இருக்கும், கிளம்பினதும் உள்ள இருக்கிற சென்ட்ரிபியூகல் சுவிட்ச் (வேகம் கூடினா தானா விலகுற சுவிட்ச்) அதைத் துண்டிச்சுரும். மோட்டாரை நிறுத்திட்டுக் காதை வச்சுக் கேளுங்க. வேகம் குறையுறப்ப ‘டக்’னு ஒரு சத்தம் வந்தா சுவிட்ச் வேலை செய்யுது. வரலைன்னா பின்மூடியைக் கழட்டிப் பாருங்க, சிமெண்டு மாவு போய் பாயிண்ட்டை அடைச்சிருக்கும். மெல்லிய உப்புத்தாளால லேசாத் தேய்ச்சு, தூசியைத் துணியால துடைச்சிருங்க. ஊதாதீங்க, உள்ளதான் போகும்.

கண்டென்சரைத் தொடுறதுக்கு முன்னாடி அதுல இருக்கிற சார்ஜை இறக்கணும். ரெண்டு முனையிலயும் குண்டு பல்பு ஹோல்டர் வயரை வைங்க, அதுலயே வடிஞ்சிரும். ஸ்குரூ டிரைவரால பட்டுனு சார்ட் பண்றது சினிமாவுக்கு நல்லா இருக்கும். அப்புறம் மைக்ரோ ஃபாரட் அளக்கிற மீட்டர்ல வைங்க. மேல எழுதியிருக்கிறதுக்கு ரொம்பக் கம்மியாக் காட்டினா மாத்துங்க. அதே அளவுதான் போடணும். “பெருசாப் போட்டா நல்லா இழுக்கும்”னு கடையில சொல்லுவாங்க, ஸ்டார்ட்டிங் காயில்தான் சூடேறும்.

காயில்ல நிஜமாவே சந்தேகம்னா பெல்ட் இல்லாம ஓடவிட்டு டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டுற மீட்டர்) மாட்டிப் பாருங்க. நேம் பிளேட்ல இருக்கிற 6.8-ஐ வெறும் ஓட்டத்துலயே தாண்டினா உள்ள சுத்துக்குச் சுத்து சார்ட். தாண்டலை, கருகின வாடை இல்லை, பாடியும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடலைன்னா நாலாயிரத்தைப் பையிலயே வச்சுக்கங்க.

இன்னொண்ணு. எர்த்து. பழைய வீடுகள்ல மரப்பட்டை வயரிங்தான் ஓடும், பல இடத்துல மூணாவது பின்னுக்குப் பின்னாடி கம்பியே இருக்காது. பிளக்கைப் பார்த்தா மூணு ஓட்டை இருக்கேன்னு நம்பிருவோம். ஈரத் தரை, வெறுங்காலு, சிமெண்டுத் தண்ணி, இரும்புச் சட்டி. சித்தாள் புள்ளைங்க கை வைக்கிற மிஷின் அது. பேஸுக்கும் (கரண்ட் வர்ற கம்பி) எர்த்துக்கும் நடுவுல டெஸ்ட் லாம்ப் வச்சா முழு வெளிச்சம் வரணும். மங்கலா எரிஞ்சாலும் வேலையை நிறுத்துங்க. 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) ஒண்ணு மாட்டாம சுவிட்ச் போடாதீங்க.

கிரீஸ் விஷயத்துல மில்லுக்காரர் சொன்னதை நான் ஒத்துக்கமாட்டேன். சட்டியோட பல் திறந்த பல். கிரீஸ் அப்பினா மணலும் சிமெண்டும் அதுல ஒட்டி, அம்மியில வச்சு அரைக்கிற மாதிரி பல்லை அரைச்சுத் தள்ளிரும். வறட்டாவே விடுங்க, பிரஷ்ஷால தூசி தட்டுங்க. கிரீஸ் போடுறது பேரிங்குக்கும், சட்டி உக்கார்ற சாப்ட்டுக்கும் மட்டும்.

புதுவயல் மில்:

வைண்டரய்யா, எங்க மில்லுல எந்தப் பல்லையும் வறட்டா விட்டதில்ல.

பழைய வைண்டர்:

உங்க பல்லு மூடின பெட்டிக்குள்ள எண்ணெயில முங்கிக் கிடக்குது, அதுல மணல் எப்படி வரும்? பெல்ட்டைப் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு சரி. புதுசு வாங்கச் சொன்னதுக்கு மட்டும் எனக்குக் கோவம். புதுசை அதே வயர்ல மாட்டினா அதுவும்தான் உறுமும்.

கானாடுகாத்தான் கொத்து:

சுண்ணாம்புக்கு நான் சொல்றேன்.

போடலாம், ஆனா எந்தக் கலவைக்குன்னு பார்க்கணும். அடிப்பூச்சுக்கு, மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த கனமான கலவைக்கு மிக்சர் ஆகும். மேல்பூச்சுக்கு ஆகவே ஆகாது. மிக்சர் புரட்டித்தான் போடும், அரைக்காது. அந்தக் காலத்துல வட்டக் காடி வெட்டி, மாடு கட்டிக் கல்லுருளையை இழுத்து அரைச்சாங்க. கடுக்காய் ஊறல் தண்ணி, வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக் கருன்னு சேர்த்து, கல்லால தேய்ச்சு மினுக்கின சுவர் அது. அதுக்குக் கிரைண்டர்தான், இல்லைன்னா ஆள்தான்.

அடிப்பூச்சுக்கு மிக்சர் போட்டா முதல்ல தண்ணியை ஊத்துங்க, அப்புறம் பாதி மணல், அப்புறம் சுண்ணாம்பு, மீதி மணல் கடைசியா. சுண்ணாம்பை முதல்ல கொட்டினா சட்டிக்கு அடியில போய் ஒட்டிக்கும், இல்லைன்னா கோலி கோலியா உருண்டுரும். சிமெண்டு மூணு நிமிசத்துல கலந்துரும். சுண்ணாம்பை கால் மணி நேரமாவது புரட்டணும். அவ்வளவு நேரம் ஒரே மூச்சா ஓடினா மோட்டார் தாங்குமான்னு வைண்டரய்யாதான் சொல்லணும்.

முக்கியமா ஒண்ணு. சிமெண்டு காஞ்சு கிடக்கிற சட்டியில சுண்ணாம்பு போடாதீங்க. பேந்து வர்ற சிமெண்டுப் பொருக்கு பூச்சுல கட்டி கட்டியா நிக்கும். காங்கிரீட் வேலை, பூச்சு வேலை ரெண்டுக்கும் ஒரே சட்டின்னா முதல்ல பூச்சை முடிச்சிட்டு அப்புறம் தரைக்குப் போங்க. உதிர்ந்த இடத்துல “சிமெண்டு வச்சு அடைச்சிரலாம்”னு எவனாவது வந்து சொன்னா கேட்காதீங்க. சுண்ணாம்புச் சுவர்ல ஏறுற ஈரம் பூச்சு வழியா வெளிய ஆறிக்கிட்டே இருக்கும். சிமெண்டு அந்த வழியை அடைச்சிரும். ஈரம் பக்கத்துல போகும், அங்க உப்புப் பூத்து நல்லா இருந்த பூச்சும் உதிரும். இப்ப உதிர்ந்து கிடக்கிற இடத்தைச் சுத்தி எங்கேயாவது பழைய சிமெண்டு ஒட்டு இருக்கான்னு பாருங்க, இருக்கும்.

பள்ளத்தூரான்:

கொத்து அண்ணே, போய்ப் பார்த்தேன். உதிர்ந்த இடத்துக்குக் கீழ முழங்கால் உயரத்துக்கு யாரோ சிமெண்டு பூசியிருக்காங்க. அதைக் கொத்தி எடுக்கச் சொல்லிட்டேன்.

வைண்டரய்யா, பந்தயத்துல நீங்க ஜெயிச்சுட்டீங்க, ஒரு ஸ்கொயர்தான். வயர் சுருளை ரீல்லயே சுத்தி வச்சபடி போட்டிருந்தோம், தொட்டா கதகதன்னு இருக்கு. சித்தாள் ஒருத்தரை சுவிட்ச் பக்கம் நிறுத்திட்டுப் பார்த்தேன். சும்மா இருந்தப்ப 216, சுவிட்ச் போட்டு உறுமினப்ப 158! கண்டென்சர்ல 100-ன்னு எழுதியிருக்கு, மீட்டர் 61 காட்டுது. வெறும் ஓட்டத்துல 4 ஆம்ப்ஸ்தான் இழுக்குது. ‘டக்’ சத்தம் வருது.

எர்த்துதான் தூக்கிவாரிப் போட்டுருச்சு. டெஸ்ட் லாம்ப் எரியவே இல்ல. வயர்மேனைக் கூப்பிட்டுக் கொல்லையில கிணத்துப் பக்கம் புதுசா எர்த்து அடிக்கச் சொல்லிட்டேன்.

இப்ப வயருக்கு என்ன செய்யுறது? வீட்டுக்குள்ள கொண்டுபோக ஆச்சி விடமாட்டாங்க.

பழைய வைண்டர்:

உள்ள எதுக்குப் போறீங்க? பக்கச் சந்து இருக்கும்ல, சுவரோட ஒட்டி பைப்ல கொண்டுபோங்க. மெயின் போர்டுல இருந்து தனி எம்.சி.பி. (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்), ஆர்.சி.சி.பி., அங்கிருந்து 4 ஸ்கொயர் செம்பு வயர், கொல்லைச் சுவர்ல மழை படாத பெட்டிக்குள்ள 15 ஆம்ப்ஸ் பிளக். 4 ஸ்கொயர்னா அதே 120 மீட்டருக்கு அரை ஓம் சொச்சம்தான். கிளம்புறப்ப போறது பதினஞ்சு இருபது வோல்ட். வேலை முடிஞ்ச பிறகு ஆச்சிக்கு அது தண்ணி மோட்டாருக்கும் ஆகும், அதைச் சொல்லிக் காசை அவங்ககிட்டயே கேளுங்க.

ரீல்ல சுத்தின வயரை எப்பவும் முழுசா அவிழ்த்து விட்டுத்தான் போடணும். சுருளுக்குள்ள சூடு வெளிய போகாம ரப்பர் உருகிரும்.

கொத்து கேட்டதுக்கு: கால் மணி நேரம் தாங்கும், சட்டியை முட்ட நிரப்பாம இருந்தா. ஓடிக்கிட்டு இருக்கிற சட்டியிலதான் சரக்கு கொட்டணும். நிரப்பி வச்சுட்டு சுவிட்ச் போடாதீங்க. நடுவுல கரண்ட் போனா முதல் வேலையா சுவிட்சை அணைங்க. யாராவது கை விட்டு வழிக்கிற நேரம் பார்த்துத்தான் கரண்ட் வரும். கரண்ட் வந்ததும் சரக்கைக் கவிழ்த்துட்டு வெறும் சட்டியா கிளப்புங்க.

மோட்டார் பாடி அலுமினியமா இருந்தா சாயங்காலம் ஈரத்துணியால துடைச்சிருங்க. சிமெண்டும் சுண்ணாம்பும் அலுமினியத்தை அரிச்சுரும், வெள்ளையா மாவு பூக்கும். ஹோஸ் வச்சு மோட்டார் மேல தண்ணி அடிக்கிற பசங்களைக் கண்டா இறங்கி வந்து ரெண்டு போடலாம்போல இருக்கு.

பள்ளத்தூரான்:

வயர் இழுத்தாச்சு, எர்த்து அடிச்சாச்சு, புது கண்டென்சர் மாட்டியாச்சு. நேத்து சாயங்காலம் ஆறரைக்கு, தெருவே விளக்குப் போட்ட நேரத்துல, சுவிட்ச் போட்டதும் ஒரே இழுப்புல எடுத்துச்சு. கிளம்புறப்ப 195-க்குக் கீழ இறங்கலை. காயில் அதேதான்.

இன்னொரு சந்தேகம். சட்டி ஒரு சுத்து சுத்துறப்ப ஒரு தடவை ‘டொக்’குனு அடிக்குது. பினியன் மாத்தணுமா? அப்புறம் உள்ள காஞ்ச சிமெண்டை எடுக்க ஆசிட் ஊத்தலாம்னு பையன் சொல்றான்.

பழைய வைண்டர்:

பினியன் பல் போயிருந்தா சட்டி ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள பத்துப் பன்னெண்டு தடவை அடிக்கும். சுத்துக்கு ஒரு தடவைன்னா வளையத்துல ஒரே இடம். சட்டி மேல சாக்பீஸால கோடு போட்டு, அடிக்கிற இடத்தைக் குறிங்க. கரண்ட்டை எடுத்துட்டு, பிளக்கையும் பிடுங்கிட்டு, அந்த இடத்தைப் பினியன்கிட்ட கொண்டுவந்து பாருங்க. வளையம் துண்டு துண்டா போல்ட் பண்ணினதுதானே, ரெண்டு துண்டு சேர்ற இடத்துல போல்ட் இளகியிருக்கும்.

ஆசிட் வேண்டாம். சிமெண்டைத் தின்ன பிறகு சட்டித் தகரத்தையும் தின்னும், அந்தப் புகை நெஞ்சுக்கும் ஆகாது. வெளிய இருந்து சுத்தியலால அடிக்கவும் வேண்டாம். சட்டி நெளியும், வார்ப்பு வளையம் விரிசல் விடும், போல்ட் இளகினதே அப்படித்தான் இருக்கும். உள்ள இருந்து சின்ன உளியால பொறுமையா கொத்தி எடுத்துட்டு, ரெண்டு பாண்டு முக்கால் இஞ்சு ஜல்லியும் தண்ணியும் போட்டு இருபது நிமிசம் ஓடவிடுங்க. தினமும் கடைசிச் சரக்கு இறக்கினதும் இதையே அஞ்சு நிமிசம் செஞ்சா உளியே தேவைப்படாது. வெளிப்பக்கம் காலையில பழைய இன்ஜின் ஆயிலைத் துணியால லேசாப் பூசுங்க. பல்லுலயும் பெல்ட்டுலயும் படக்கூடாது. சட்டிக்குள்ள ஒரு சொட்டும் கூடாது, பூச்சு பிடிக்காது.

பள்ளத்தூரான்:

போல்ட்தான். ஒண்ணு இளகியிருக்கு, பக்கத்துல ஒண்ணு காணவே காணோம். நைலான் வச்ச லாக் நட்டுப் போட்டு முறுக்கியாச்சு, சத்தம் நின்னுருச்சு. கொத்து அண்ணன் சொன்னபடி முதல்ல சுண்ணாம்பு வேலையை எடுத்துக்கிறோம். மேல்பூச்சுக்குக் கிரைண்டர் வாடகைக்கு யாரிடமாவது இருந்தா சொல்லுங்க, கோட்டையூர், கண்டனூர் பக்கம்னா நானே வண்டி அனுப்பி எடுத்துக்கிறேன்.

புதுவயல் மில்:

இட்லிக்கடை பெரிய கிரைண்டர் ஒண்ணு நம்ம மில்லுல சும்மா கிடக்கு, கல் நல்லா இருக்கு. வாடகை வேண்டாம். வைண்டரய்யா சொல்லிட்டாரு, பல்லு மூடின பெட்டிதான், தாராளமா கிரீஸ் போட்டிருக்கேன்.